வீட்டு விலை ஒரு முறை, ஏரியா விலை மாதாமாதம்

ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் ஒரு வண்ணத்தாள். "தாம்பரத்திலிருந்து வெறும் 10 நிமிடம்! பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம் எல்லாம் அருகிலேயே!" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. இலவச காரில் உங்களை ஏற்றிக்கொண்டு போய் மனையைக் காட்டுகிறார்கள். சாலை காலியாக இருக்கிறது. 10 நிமிடத்தில் வந்தும் விட்டீர்கள். அவர்கள் சொன்னது உண்மைதானே என்று தோன்றும்.

உண்மைதான். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை காலை உண்மை. நீங்கள் வாழப்போவது திங்கட்கிழமை காலை 8.30 மணியில்.

சேமிப்பு கொஞ்சம், வங்கிக் கடன் மிச்சம் என்று கணக்குப் போட்டு முதல் வீடு வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள்: வீட்டின் விலை. அது பட்ஜெட்டுக்குள் வந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு விலை ஒரு முறைதான். அந்த வீடு இருக்கும் ஏரியாவுக்கு நீங்கள் மாதாமாதம் விலை கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். பெட்ரோலாக, ஷேர் ஆட்டோவாக, தண்ணீர் லாரியாக, பள்ளி வேனாக, தூக்கமாக. அந்த இரண்டாவது விலையை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கணக்கிடுவது எப்படி? சென்னையின் தெற்கே தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் வீடு தேடும் ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். நீங்கள் கோவையிலோ திருச்சியிலோ தேடினாலும் முறை இதேதான்.

மாத்தக்கூடியது, மாத்த முடியாதது

வீடு பார்க்கப் போனால் நம் கண் முதலில் எங்கே போகும்? டைல்ஸ், சமையலறை மேடை, கதவின் பளபளப்பு. இவை எல்லாமே பிறகு காசு வந்தால் மாற்றிக்கொள்ளக் கூடியவை. பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் புதிது போடலாம். அலமாரி அடிக்கலாம். ஒரு அறைகூட எடுக்க முடியலாம்.

எவ்வளவு காசு வந்தாலும் மாற்ற முடியாதவை சில இருக்கின்றன. அந்த இடத்தின் தரைமட்டம், ரயில் நிலையத்துக்கு உள்ள தூரம், தெருவின் அகலம், நிலத்தடி நீரின் தன்மை, பக்கத்தில் இருக்கும் தொழிற்சாலையோ குப்பைக் கிடங்கோ. இவற்றை நீங்கள் வீட்டோடு சேர்த்து வாங்குகிறீர்கள். பிடிக்கவில்லை என்றால் வீட்டையே விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். புறநகரில் அப்பா வாங்கிய வீடு உள்ளே அழகாக இருக்கும். தரையை நல்ல உயரமாகத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். இன்றுவரை ஒரு சொட்டு மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்ததில்லை. ஆனால் முதல் மழைக்காலத்திலேயே தெருமுனையில் முழங்கால் அளவு தண்ணீர். ஸ்கூல் ஷூவைக் கையில் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்து போவேன். "வீடு உயரமா இருக்கான்னு பாத்தேன், தெரு உயரமா இருக்கான்னு பாக்கலையே" என்று அப்பா இப்போதும் சொல்வார். அதனால்தான் சொல்கிறேன்: பட்ஜெட் குறைவாக இருக்கும்போது, மாற்றக்கூடியதில் விட்டுக்கொடுங்க, மாற்ற முடியாததில் விட்டுக்கொடுக்காதீங்க.

870 ரூபாய் கணக்கு

இப்போது பணத்துக்கு வருவோம். ஆண்டு வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு தவணை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 1 லட்சம் ரூபாய் கடனுக்கும் மாதத் தவணை ஏறக்குறைய 870 ரூபாய் வரும். உங்கள் வங்கியின் வட்டிக்கு ஏற்ப இந்த எண் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் இதை மனசில் வைத்துக்கொண்டால் ஒரு வசதி: ஏரியாவின் மாதச் செலவை வீட்டின் விலையோடு நேரடியாக ஒப்பிட்டுவிடலாம். ஓரிடத்தில் மாதம் 870 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது என்றால், அந்த வீடு காகிதத்தில் சொல்வதைவிட 1 லட்சம் ரூபாய் அதிக விலை என்று அர்த்தம்.

ஒரு எடுத்துக்காட்டு. கணவருக்கு கிண்டியில் வேலை, மனைவிக்கு தாம்பரத்தில் வேலை, குழந்தை மூன்றாம் வகுப்பு. அவர்கள் முன்னால் இரண்டு வீடுகள். முதல் வீடு 38 லட்சம். ரயில் நிலையத்திலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே. இரண்டாவது வீடு 43 லட்சம். கொஞ்சம் பழசு, ஒரு அறை சின்னது, ஆனால் ரயில் நிலையத்துக்கு 10 நிமிட நடை. 5 லட்சம் மிச்சமாகிறதே என்று முதல் வீட்டை எடுக்கத்தான் தோன்றும்.

மாதச் செலவைப் போட்டுப் பார்ப்போம். முதல் வீட்டில் இருந்தால் கணவர் ஸ்டேஷன் வரை பைக்கில் போய் வர பெட்ரோலும், அங்கே வண்டி நிறுத்தும் கட்டணமும் சேர்த்து 900 ரூபாய். மனைவிக்கு ஷேர் ஆட்டோ ஒரு தடவைக்கு 20 ரூபாய் என்றால் மாதம் 1,000. பள்ளிக்கு நடந்து போக முடியாது, வேன் 1,800. குடிநீர் இணைப்பு இல்லை, கேன் தண்ணீரும் லாரித் தண்ணீரில் நம் பங்கும் 1,200. மொத்தம் 4,900. இரண்டாவது வீட்டுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் 5 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 4,350. அதாவது "மலிவான" வீடு மாதம் 550 ரூபாய் அதிகம் கேட்கிறது.

இதோடு நேரத்தையும் சேருங்க. ஸ்டேஷனுக்குப் போகவும் வரவும் ஒரு நாளைக்கு ஒருவருக்கு அரை மணி நேரம் கூடுதல் என்றால், 25 வேலை நாட்களில் பன்னிரண்டரை மணி நேரம். இருவருக்கும் சேர்த்து 25 மணி நேரம். மாதத்துக்கு ஒரு முழு நாள், ஷேர் ஆட்டோவிலும் பார்க்கிங் வரிசையிலும் போய்விடுகிறது.

அதற்காக ஸ்டேஷன் பக்கம்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும், மறைமலைநகர் தொழிற்சாலைக்கு கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்கே வருபவருக்கும் இதே கணக்கு முதல் வீட்டுக்குச் சாதகமாக முடியும். உங்கள் வீட்டு ஆட்கள், உங்கள் வேலை, உங்கள் எண்கள். அவற்றைப் போட்டுப் பாருங்க.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விலை வித்தியாசம் முழுவதையும் வங்கி கடனாகத் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் கடன். மீதி கைக்காசு. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பது தமிழ்நாட்டில் பொதுவான விகிதம். புதிய அடுக்குமாடி வீடுகளின் முதல் விற்பனைக்கு விகிதம் வேறு. 5 லட்சம் கூடுதல் என்றால் கையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும். அது இல்லாவிட்டால் கடன் வாங்கி அட்வான்ஸ் கட்டாதீங்க. அதே ரயில் பாதையில் இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி, ஆனால் நடக்கும் தூரத்தில் சின்ன வீடாகத் தேடுங்க.

மூன்று முறை போய்ப் பாருங்க

ஏரியாவை அறிய மேப் போதாது, கால் வேண்டும். குறைந்தது மூன்று முறை போங்க, புரோக்கர் இல்லாமல் போங்க.

முதல் தடவை, வேலை நாளில் காலை 8 மணிக்கு. அந்த வீட்டு வாசலில் நின்று உங்கள் அலுவலகத்துக்குக் கிளம்புங்க, நிஜமாகவே. பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நின்றீர்கள், ரயில்வே கேட் மூடியிருந்ததா, ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்க. 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'சென்னை ஒன்' செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் சேர்த்துப் பயணத்தைத் திட்டமிடலாம், ஒரே டிக்கெட்டும் எடுக்கலாம். வீட்டிலிருந்தபடியே முதலில் அதில் பார்த்துவிட்டு, பிறகு நேரில் சரிபாருங்க.

இரண்டாவது தடவை, இரவு 9 மணிக்கு மேல். ஸ்டேஷனிலிருந்து வீடுவரை நடந்து பாருங்க. தெருவிளக்கு எரிகிறதா? கடைகள் திறந்திருக்கின்றனவா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? உங்கள் மகளோ மனைவியோ தங்கையோ இந்தத் தெருவில் தனியாக வர யோசிப்பார்களா? அவர்களையே கூட்டிக்கொண்டு போய்க் கேட்பது இன்னும் நல்லது. பகலில் பளிச்சென்று தெரியும் தெரு இரவில் வேறு தெருவாக இருக்கலாம்.

மூன்றாவது தடவை, மழை பெய்த மறுநாள். இதற்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தாலும் காத்திருங்க. இருபது ஆண்டு கடனுக்கு ஒரு மாதம் பெரிய விஷயம் இல்லை.

போகும்போது பெண்களுக்கான கட்டணமில்லா பயணத்தையும் கணக்கில் எடுங்க. சாதாரண கட்டண நகரப் பேருந்து அந்தச் சாலையில் அடிக்கடி ஓடுகிறது என்றால், வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது மாதாமாதம் மிச்சம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 1,000 ரூபாய் ஷேர் ஆட்டோ செலவு அப்படியே போய்விடும். பஸ் ரூட் ஒன்று ஒரு லட்ச ரூபாய் கடனுக்குச் சமம் என்பது இப்படித்தான்.

யாரிடம் கேட்கலாம்? தண்ணீர் கேன் போடுபவர், இஸ்திரி வண்டிக்காரர், மருந்துக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, அதே தெருவில் வாடகைக்கு இருப்பவர். சொந்த வீட்டுக்காரர்கள் தங்கள் ஏரியாவின் குறையை அவ்வளவு எளிதில் சொல்ல மாட்டார்கள், விலை இறங்கிவிடுமே என்ற பயம். வாடகைக்கு இருப்பவர் ஒளிக்காமல் சொல்வார்.

தண்ணீரைப் பற்றி இரண்டு கேள்வி

வராத தண்ணீர் ஒன்று, வரக்கூடாத தண்ணீர் ஒன்று. இரண்டையும் கேட்க வேண்டும்.

முதலில் வரும் தண்ணீர். உள்ளாட்சிக் குடிநீர்க் குழாய் தெருவில் இருக்கிறதா, அல்லது "சீக்கிரம் வந்துடும்" என்கிறார்களா? எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு நேரம்? ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, ஏப்ரல், மே மாதங்களில் வற்றுகிறதா? சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்க. குளியலறைக் குழாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் அதுவே பதில். கழிவுநீருக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பா, செப்டிக் டேங்கா என்பதையும் கேளுங்க. செப்டிக் டேங்க் என்றால் லாரி வைத்து எடுக்கும் செலவு உங்களுடையது.

அடுத்து வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாற்றின் கரைப்பகுதிகளான முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பதைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. தண்ணீர் தன் பழைய பாதையை மறப்பதில்லை. அதனால் இந்த இரண்டு ஆண்டுகளையும் பேர் சொல்லியே கேளுங்க: "2015-ல இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? 2023-ல?" சுவரிலோ கேட்டிலோ உள்ள கறையைக் காட்டிச் சொல்வார்கள்.

ஊரின் பெயரும் ஒரு தடயம். தாங்கல், ஏந்தல், குட்டை, ஓடை என்று முடியும் பெயர்கள் அங்கே ஒரு காலத்தில் நீர்நிலை இருந்ததைச் சொல்கின்றன. அப்படிப் பெயர் இருப்பதாலேயே வீடு மூழ்கும் என்று அர்த்தமில்லை. கூடுதலாக இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று அர்த்தம். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று பின்னோக்கிப் பாருங்க. வயலா, மேடா, நீர் தேங்கும் பள்ளமா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

வீட்டின் தரைமட்டத்தைத் தெருவோடு ஒப்பிடவும் மறக்காதீங்க. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு கொஞ்சம் உயர்ந்திருக்கும், பழைய வீடு அங்கேயே நிற்கும். பழைய வீடு வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குப்பை வண்டி யாருடையது?

புறநகரில் ஒரே சாலையின் ஒரு பக்கம் மாநகராட்சியாகவும் மறுபக்கம் ஊராட்சியாகவும் இருக்கலாம். தாம்பரம் மாநகராட்சி 2021-ல் உருவானது. தாம்பரம், பல்லாவரம் உள்ளிட்ட 5 நகராட்சிகளும் பெருங்களத்தூர், சிட்லப்பாக்கம் உள்ளிட்ட 5 பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. கூடுவாஞ்சேரிக்குத் தனி நகராட்சி. இடையிலும் உள்ளேயும் ஊராட்சிகள்.

எது உயர்ந்தது என்பது இங்கே கேள்வி இல்லை. சொத்துவரி எவ்வளவு, குப்பை தினமும் எடுக்கிறார்களா, மழைநீர் வடிகால் இருக்கிறதா, தெருவிளக்கு கெட்டால் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் உள்ளாட்சியைப் பொறுத்து மாறும். விற்பவரிடம் கடைசியாகக் கட்டிய சொத்துவரி ரசீதைக் கேளுங்க. வீடு எந்த உள்ளாட்சி, எந்த வார்டு என்பது அதிலேயே இருக்கும்.

பள்ளியும் மருத்துவமனையும்

"பள்ளி அருகில்" என்பதில் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. உங்கள் குழந்தைக்கு இடம் கிடைக்குமா? அந்தக் கட்டணத்தை உங்களால் கட்ட முடியுமா? கட்ட முடியாத கட்டணம் வாங்கும் பள்ளி பக்கத்திலேயே இருந்தும் உங்களுக்குப் பயனில்லை. நடந்து போகும் தூரத்தில் உள்ள அரசுப் பள்ளியை ஒரு வேலை நாளில் போய்ப் பார்த்துப் பேசுங்க. அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. இருவரும் காலையில் வேலைக்கு ஓடும் வீட்டில் இது சின்ன உதவி இல்லை.

மருத்துவமனையிலும் அப்படித்தான். பெரிய தனியார் மருத்துவமனையின் பெயர் விளம்பரத்தில் இருக்கும். ஆனால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் நமக்குத் தேவைப்படுவது காய்ச்சலுக்கு ஒரு டாக்டர், தடுப்பூசிக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், ராத்திரி பத்து மணிக்குத் திறந்திருக்கும் ஒரு மருந்துக்கடை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்னொன்று பாருங்க: 108 ஆம்புலன்ஸ் வீட்டு வாசல்வரை வரக்கூடிய அகலம் தெருவுக்கு இருக்கிறதா?

'வரப்போகுது' வசதிக்கு இன்றைய காசு வேண்டாம்

மெட்ரோ வரப்போகுது, மேம்பாலம் வரப்போகுது, ஐடி பார்க் வரப்போகுது. புறநகரில் விலை சொல்லும்போது இந்த வார்த்தையைத்தான் அதிகம் கேட்பீர்கள். பல திட்டங்கள் நிஜமாகவே வருகின்றன. ஆனால் எப்போது, எந்த வரிசையில் என்பதுதான் உங்கள் பட்ஜெட்டைத் தீர்மானிக்கும்.

கிளாம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்க. கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பயணிகளுக்குப் பெரிய வசதி. ஆனால் திறந்த நாளில் அதை ஒட்டி ரயில் நிலையம் இல்லை. ரயிலேற வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. ஒரு வசதி வந்ததும் அதோடு சேர்ந்த எல்லாம் ஒரே நாளில் வந்துவிடாது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டமும் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர். அது பகுதி பகுதியாகத்தான் திறக்கும்.

உங்கள் வீட்டுக் கடனின் முதல் தவணையோ அடுத்த மாதமே வந்துவிடும். அதனால் ஒரு சின்ன விதி: இன்றைக்கு இருக்கும் வசதிக்கு விலை கொடுங்க. வரப்போகும் வசதியை போனஸாக வைத்துக்கொள்ளுங்க. அது பத்து ஆண்டு தாமதமானாலும் இந்த வீட்டில் நம்மால் வாழ முடியுமா? முடியும் என்றால் வாங்கலாம்.

நீச்சல் குளத்துக்கு மாசம் எவ்வளவு?

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ் என்று பட்டியல் நீளும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். இவற்றுக்கும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு. சதுர அடிக்கு 3.50 ரூபாய் என்று வைத்தால் 1,000 சதுர அடி வீட்டுக்கு மாதம் 3,500. நம் 870 கணக்கில் அது 4 லட்சம் ரூபாய் கடனுக்குச் சமம். நீச்சல் குளத்தில் வருஷத்துக்கு எத்தனை நாள் இறங்குவீங்க? லிஃப்ட், ஜெனரேட்டர், காவலர், தண்ணீர் சுத்திகரிப்பு போன்றவை தினமும் பயன்படுபவை. மீதியை உங்கள் பழக்கத்தை வைத்து முடிவு செய்யுங்க.

அளவையும் கேளுங்க. 1,000 சதுர அடி என்பது மாடிப்படி, வராந்தா எல்லாம் பங்கு போட்டுச் சேர்த்த அளவா, சுவருக்குள் நீங்கள் நடக்கும் அளவா? ரெரா சட்டப்படி 'கார்ப்பெட் ஏரியா' என்பது வீட்டுக்குள் உண்மையில் பயன்படும் தரைப்பரப்பு. இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது அந்த அளவை வைத்தே ஒப்பிடுங்க.

மனை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மனைப்பிரிவு வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் பூங்கா இருக்கும். அந்தப் பூங்காவும் சாலைகளும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்க. ஒப்படைக்காத சாலையில் உள்ளாட்சி தெருவிளக்கு போடுவதும் வடிகால் அமைப்பதும் கடினம்.

கைப்பேசியிலேயே சரிபார்க்க

மேலே சொன்னதெல்லாம் காலால் பார்ப்பது. இனி விரலால் பார்ப்பது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த ஐந்தையும் முடித்துவிடுங்க.

1. வழிகாட்டி மதிப்பு: பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் தெரு வாரியாகவோ சர்வே எண் வாரியாகவோ பார்க்கலாம். பத்திரச் செலவைக் கணக்கிட இது அடிப்படை. பக்கத்துத் தெருக்களின் மதிப்பையும் சேர்த்துப் பாருங்க, ஏரியா பிடிபடும்.

2. வில்லங்கம்: அதே தளத்தில் இணைய வழியாகப் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுக்குப் பாருங்க. அடமானம், பாகப்பிரிவினை, முந்தைய விற்பனை எல்லாம் வரிசையாகத் தெரியும்.

3. பட்டா, புலப்படம், அ-பதிவேடு: வருவாய்த்துறையின் இணையவழிச் சேவைத் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். நிலம் ஏரி, வாய்க்கால், மேய்க்கால் போன்ற புறம்போக்கு வகையில் வருகிறதா என்பது இங்கேதான் தெரியும். வெள்ளம் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கும் இது ஒரு விடை.

4. திட்ட அனுமதி: சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி எண்ணைக் கேட்டு வாங்குங்க. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்ற வார்த்தை மட்டும் போதாது.

5. ரெரா பதிவு: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அல்லது 8 வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் புதிய திட்டங்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால் அனுமதி விவரம், முடிக்கும் தேதி எல்லாம் கிடைக்கும்.

ரெரா சட்டம் உங்களுக்குத் தரும் சில பாதுகாப்புகளையும் தெரிந்துகொள்ளுங்க. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. விளம்பரத்தில் சொன்ன தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். அதனால் அந்த வண்ணத்தாளைத் தூக்கிப் போடாதீங்க. ஒரு போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய வாக்குறுதிகளோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்க.

பத்திரம், பட்டா எல்லாம் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுங்க. அந்தச் செலவு வீட்டு விலையோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னது.

கடைசியாக, ஒரு தாளும் பேனாவும்

எல்லா வசதியும் உள்ள வீடு நம் பட்ஜெட்டில் கிடைக்காது. அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பாதி குழப்பம் தீரும். பிறகு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து மூன்று பட்டியல் எழுதுங்க.

'இது இல்லாமல் முடியாது': இதில் மூன்றுக்கு மேல் எழுதக் கூடாது. தண்ணீர் தேங்காத தெரு, நடக்கும் தூரத்தில் ஸ்டேஷன், அம்மாவுக்குப் பக்கத்தில் மருத்துவமனை, இப்படி. 'இருந்தால் நல்லது': பூங்கா, பெரிய சமையலறை, கார் நிறுத்தும் இடம். 'நமக்குத் தேவையே இல்லை': இதுதான் காசு மிச்சப்படுத்தும் பட்டியல். இதில் இருப்பவற்றுக்கு விலை சேர்த்துச் சொல்லும் வீட்டைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

முதல் பட்டியலை எழுதும்போது வீட்டில் அதிகம் பேசாதவரின் குரலையும் கேளுங்க. கணவர் பார்க்கிங் பற்றிப் பேசுவார், புரோக்கர் விலை பற்றிப் பேசுவார். குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரியின் பின்னால் நிற்கப்போவது யார்? ராத்திரி தனியாக நடந்து வரப்போவது யார்? மாடிப்படி ஏற முடியாத பாட்டி என்ன சொல்கிறார்? வீட்டின் விலையை யார் கட்டினாலும், ஏரியாவின் விலையைக் கட்டப்போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இலவச காரில் தாராளமாக ஏறிப் போய் வீட்டைப் பாருங்க. திங்கட்கிழமை காலை 8 மணிக்கு, உங்கள் காசில் ஒரு டிக்கெட் எடுத்து, அதே இடத்துக்கு இன்னொரு முறை போய்ட்டு வாங்க. அதுக்கப்புறம் அட்வான்ஸ் பத்திப் பேசலாம்.